கல்யாணம் என்கிற மருந்து

பிரேமா பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தேடினாள். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. திருத்தணி மலைமேல் நாலைந்து கல்யாணக் கூட்டம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. தங்கை கயல்விழி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வலிப்பு மாத்திரை எங்கே என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள்.

கடைசியில் அம்மா எல்லம்மாள் ஒத்துக்கொண்டாள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து வைத்தியர் நிறுத்தச் சொன்னாராம். வயசுப்பெண்ணுக்கு உடம்புச் சூடு தேங்கித் தலைக்கேறினால் வலிப்பு வருமாம். புருஷன் தொட்டுவிட்டால் தானாக இறங்கிவிடுமாம். கருமம். ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் படித்துப் படித்துச் சொன்னது காற்றோடு போயிற்று. பாவாடை கட்டித் திரிந்த வயதிலேயே வலிப்பு வந்ததே, அப்போது எந்தச் சூடு தேங்கியது என்று பிரேமா கேட்டாள். அம்மா முந்தானையில் இரும்புச் சாவி ஒன்றை முடிந்து வைத்திருந்தாள், வலிப்பு வந்தால் கையில் திணிக்க.

“கத்தாத பிரேமா. மாப்ள ஊட்டு காதுல வுழுந்தா அவ்ளோதான். தாலி ஏறிட்டா எல்லாம் சரியாப்பூடும்,” என்றார் அப்பா சடகோபன்.

மறைத்துக் கட்டிவைக்கிறோம் என்ற உறுத்தல் அந்த முகத்தில் துளியும் இல்லை. பெண்ணுக்கு வைத்தியம் பார்த்த நிம்மதிதான் இருந்தது. பிரேமா இன்னும் கொதித்தாள்.

கயல்விழியிடம் குனிந்து, மாப்பிள்ளையிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள்.

“ஆங், சொல்லிடுக்கா. எனக்கு பயமாக்கீது.”

மாப்பிள்ளை திலீப் பட்டு வேட்டியில் தூணோரம் தனியாக நின்றிருந்தான். கனகம்மாசத்திரத்தில் நிலம்நீச்சு உள்ள குடும்பம். பிரேமா சுற்றி வளைக்கவில்லை. வலிப்பு, மாத்திரை, வைத்தியர் எல்லாவற்றையும் கொட்டினாள். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், தங்கை உயிரோடு இருந்தால் போதும் என்றாள்.

அவன் ஆத்திரப்படுவான் என்று நினைத்தாள். அவனோ வைத்தியர் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையில் அடித்துக்கொண்டான்.

“அதே வைத்தியர்தாங்க,” என்றான். “மனசு சரியில்லன்னு நானும் மாத்திர சாப்டுகினு இருந்தேன். பொண்டாட்டி வந்தா தெளிஞ்சிடும்னு எங்க நைனா தூக்கிப் போட்டாரு. சரியாத் தூங்கியே நாளாச்சி. நான் எப்டிங்க அவங்கள பாத்துப்பேன்?”

பிரேமா அவனை மணவறைக்கு அழைத்துப் போனாள். தங்கையைக் கைகொடுத்து எழுப்பினாள்.

“ரெண்டு பேரும் மாலைய கழட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

முகூர்த்தம் தவறிப்போகும் என்று இரண்டு தகப்பன்மாரும் பதறி ஓடிவந்தார்கள்.

“போவட்டும்,” என்றாள் பிரேமா.