தார்ப்பாய்க்கு விழுந்த தொப்பை

நவம்பர் பிறந்ததிலிருந்து என் உயிரை வாங்கியது ஒரு தார்ப்பாய். வீட்டுப் பின்பக்கம் முட்டுக்கால்களின் நடுவே நிற்கும் படகை மூடிக் கிடக்கிறதே, அதுதான். மழை பெய்தால் அதற்கு நடுவில் தொப்பை விழும். தொப்பையில் தண்ணீர் தேங்கி உறையும், உறைந்ததன் மேல் பனி விழும், பாரத்தில் இன்னும் தொங்கும். என்றைக்காவது கிழிந்து மொத்தமும் உள்ளே கொட்டினால் மேல்தளப் பலகை ஊறி உப்பிப் போகும். என் வீட்டுக்காரர் ஜெனோன் போன கோடை முழுக்க இழைத்துப் போட்ட பலகை அது.

படகு போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஏரிக்கரை ஊரான மிகோவாய்கியில், குளிர்காலம் வந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று இப்படிக் கரையேறித்தான் கிடக்கிறது. என் கவலை வேறு. அக்டோபரில் இவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். தோளுக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது, ஏணிப் பக்கமே போகக் கூடாது, மீறினால் எலும்பு விட்டுக்கொள்ளும் என்றார் டாக்டர். அதையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். இவர் எப்படிப்பட்ட ஆள் என்று அவருக்கும் புரிந்துபோயிருக்க வேண்டும்.

நான் ஏணியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால், மனிதர் கையில் துடைப்பத்தோடு மழைத்தண்ணீர் பீப்பாய் மேல் ஏறி நிற்கிறார்!

"யோவ்! இறங்குய்யா கீழே! பைத்தியமா உனக்கு?"

"தண்ணி நிக்குதுடி யாத்விகா. லேசா ஒரு தள்ளு தள்ளிட்டு..."

"தள்ளுவ, தள்ளுவ. நெஞ்சு பொளந்தா நான் எதை வச்சுத் தைக்கிறது?"

ஆக, தொப்பை விழுந்தால் இவர் ஏறுவார். இவர் ஏறக் கூடாது என்றால் தொப்பை விழக் கூடாது. அந்த வேலை என் தலையில் விடிந்தது. துடைப்பக் கட்டையை உள்ளே முட்டுக் கொடுத்தேன். அது பாயைப் பொத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. காற்றடைத்த மெத்தையை அடியில் செருகினேன். ஒரே ராத்திரிக் குளிரில் சுருங்கிப் படுத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று யோசனை சொன்னார்கள். கை கொடுக்க ஒருத்தர் வரவில்லை. இவரோ சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு எதற்கெடுத்தாலும் கண்ணாடியைத் தட்டுவார். குளிருக்காக இடுக்கெல்லாம் பஞ்சடைத்துக் காகிதம் ஒட்டிய ஜன்னல், வசந்தம் வரை திறக்க முடியாது. உள்ளே வாய் அசையும், வெளியே ஒன்றும் கேட்காது. இடது பக்கம் இழு, வலது பக்கம் விடு என்று கையால் ஜாடை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் என் தம்பி ரிஷார்டை வரச் சொன்னேன். தக்காளிக்குக் கண்ணாடித்தாள் கூடாரம் போட்டு வியாபாரம் செய்கிறவன்.

"தட்டையா போட்டா தொங்காம என்னக்கா செய்யும்? கூரை மாதிரி சரிவா இருக்கணும்" என்றான்.

சுவரோரம் கழற்றி வைத்திருந்த பாய்மரத்தை இரண்டு பேருமாகத் தூக்கி, முன்னும் பின்னும் உயரமாகக் கவைக்கட்டை நிறுத்தி, உத்தரம் மாதிரி அதன் மேல் கிடத்தினோம். அதற்கு மேல் தார்ப்பாய். இரண்டு பக்கமும் நல்ல சரிவு. விளிம்பை இழுத்துப் பிடிக்க இங்கே எல்லாரும் தண்ணீர் நிரப்பிய கேன்களைத் தொங்கவிடுவார்கள்.

"கேனெல்லாம் கிழவனுங்க வேலைக்கா. என் கூடாரத்துல எல்லாத்தையும் காலோட சேர்த்துக் கட்டிடுவேன். புயலே வந்தாலும் அசையாது."

படகைச் சாயவிடாமல் பிடித்திருக்கும் முட்டுக்கால்களிலேயே கயிற்றைக் கட்டினான். பாய் விண்ணென்று நின்றது. விழுந்த பனி சரசரவென்று வழிந்து போவதைப் பார்த்தபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி இந்த மனிதர் எதற்காக ஏறுவார், பார்க்கலாம்!

அப்போது ஜன்னலில் தட்டல்.

"மச்சான் கூப்பிடுறாரு."

"அவருக்கு வேற வேலை? பாயைப் பார்த்தா ஏதாவது குத்தம் சொல்லணும். நீ கயித்தை எடு."

ஏரியிலிருந்து காற்று கிளம்பியது. மறுபடி தட்டல். நான் திரும்பாமலே, போதும் போ என்று கையை ஆட்டிவிட்டு, கடைசி முட்டுக்காலில் கயிறு கட்டப் படகின் வயிற்றுக்கடியில் குனிந்தேன். தட்டல் இப்போது குத்தாகவே விழுந்தது. கண்ணாடியை உடைத்துத் தொலைக்கப் போகிறார் என்று வாய்க்குள் திட்டினேன். பிறகு சத்தம் நின்றது. ஒருவழியாக ஓய்ந்தார் என்று நினைத்தேன்.

கதவு படாரென்று திறந்தது. வீட்டுச் செருப்போடு, கையில் ரொட்டிக் கத்தியோடு பனியில் ஓடி வருகிறார்.

"வெளிய வாடி! வெளிய வா!"

தலைக்கு மேல் பாய் உப்பி எழும்பியது. கயிறு விறைத்தது. என் முகத்துக்கு நேரே இருந்த முட்டுக்கால் ஐஸில் சர்ரென்று ஒரு சாண் நகர்ந்தது. படகு முனகிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தது. நான் பின்னால் சாய்ந்து பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கயிற்றை அறுத்தார். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. பாய் விடுபட்டு, பட்பட்டென்று அடித்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் பறந்தது. ரிஷார்ட் பாய்ந்து முட்டுக்காலை உதைத்து உள்ளே தள்ளினான்.

"டேய், அதுதான்டா படகையே தாங்குது. அதுல போய்..." என்று ஆரம்பித்தவர் மூச்சு வாங்கி நிறுத்தினார். அவ்வளவுதான் அவனைத் திட்டியது.

என்னைத் தூக்கி நிறுத்தினார். அந்தக் கையால், தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே கையால். நான் அவர் சட்டைப் பொத்தானைப் பிய்த்துத் தழும்பைத் தடவிப் பார்த்தேன். விட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் கொண்டுவந்து என்னை அடுப்போரம் உட்கார வைத்தார். அப்படியே நானும் சும்மா இருந்திருக்கலாம். வெளியே பனி பெரிய பெரிய துகளாகக் கொட்டியது. திறந்து கிடந்த மேல்தளத்தில் பலகை தெரியாமல் வெள்ளை ஏறியது. எனக்குத் தாங்கவில்லை.

"யோவ், பலகையெல்லாம் நனையுதுய்யா. ரிஷார்டை அனுப்பிப் பாயை எடுத்துட்டு வரச் சொல்லு."

அவர் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் ஈரக் காலுறைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நனையட்டும்" என்றார்.