மரை இறைச்சிக்கு உறைப்புக் குறைத்த நாள்

என் மாமி புனிதம் கறிக்குத் தூள் போடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்தபோதும் சரி, இடம்பெயர்ந்து வற்றாப்பளைப் பக்கம் கடல்நீர்க் களப்பு ஓரத்துக் கொட்டிலில் இருந்தபோதும் சரி, மாமியின் கறி தின்றவனுக்குக் காதால் புகை வரும். அந்த மாமியிடம் போய், "உங்கட மோன் மரை இறைச்சிக்கு உறைப்புக் குறைக்கச் சொல்லுறார்" என்று சொன்னவள் நான்.

"என்ர கையால திண்டு வளந்தவனுக்குப் பாரிசுக்குப் போனாப் பிறகு நாக்குச் செத்துப்போச்சோ?"

"கறிக்காக இல்லை மாமி. வைனுக்காக."

அந்த 'செத்துப்போச்சோ' என்ற சொல்லுக்காக மாமி பிறகு தன் வாயில் எத்தனையோ தரம் அடித்துக்கொண்டார்.

வின்சன் என் கணவர். கலியாணம் முடித்த அடுத்த வருடமே பாரிசுக்குப் போனவர். அங்கே பெரிய ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, நிலவறையிலிருந்து வைன் போத்தல் தூக்கிவரும் ஆளாகி, கடைசியில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று வந்தவர்களுக்குச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் கசற்றில் பேசி அனுப்புவார். சண்டைக் காலம், வன்னிக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. நான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேப் ரெக்கோடரை ஓட்டி அவரைக் கேட்பேன். கை களைத்தால் அவர் குரல் இழுபடும். சிப்பிக்கு எது, மீனுக்கு எது, புறா இறைச்சிக்கு எது என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். நான் பருப்பும் முருங்கையிலையும் தின்ற வயிற்றோடு சுற்றிக்கொண்டிருப்பேன். எரிச்சல் வரும். ஆனாலும் நிறுத்த மாட்டேன்.

எனக்கு விசா வந்து நான் போய் இறங்கும் கிழமையே, அந்த ரெஸ்டோரண்டில் யன்னலோர மேசையில் எங்கள் இருவருக்கும் மத்தியானச் சாப்பாடு என்பது அவர் திட்டம். முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். பாரிசில் வேறு எதைப் பார்க்கவும் எனக்கு ஆசை இருக்கவில்லை. அந்த மேசையில் அவருக்கு எதிரே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த பிரெஞ்சு டொக்டர் ஒருவர்தான் அவர் அனுப்பிய வைன் போத்தலையும் ஒரு கசற்றையும் கொண்டுவந்து தந்தார். மகனின் குரல் கேட்டால் மாமி அழுவார் என்பதால் தனியாகத்தான் கேட்டேன்.

"இது நான் பிறந்த வருசத்து வைன், ரூபினி. பூர்கோன் எண்ட ஊர்ச் சிவப்பு. அம்மாவை ரெஸ்டோரண்டுக்குக் கூட்டிவர ஏலாது. அதாலை ரெஸ்டோரண்டை அவவிட்டை அனுப்புறன். நீர் பாரிசுக்கு வெளிக்கிடுற அண்டைக்கு மத்தியானம், மரை இறைச்சிக் கறியோடை ரெண்டு பேரும் இருந்து குடியுங்கோ. உறைப்பைக் குறைக்கச் சொல்லும், இல்லாட்டி வைன்ர ருசி தெரியாது. திறந்தால் ஒரு மணித்தியாலம்தான் உயிரோடை இருக்கும், மிச்சம் வைக்காதையுங்கோ. முதல் புளிக்கும். அவசரப்படாமல் வாயிலை வைச்சிருந்தால் மழை பெஞ்ச மண் மணக்கும்."

மற்றதை எல்லாம் மாமிக்குச் சொன்னேன். மண் வாசத்தை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். போத்தலைத் தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈர மணலில் புதைத்தோம்.

விசா வரவில்லை. எங்கள் கோயில் குரு செல்வராசா ஃபாதர்தான் வந்தார். கதிரையைக் காட்டினோம், இருக்கவில்லை. பாரிசிலிருந்து வவுனியாக் கோயிலுக்கு யாரோ டெலிபோன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். வின்சனுக்கு நித்திரையிலேயே நெஞ்சு அடைத்துவிட்டதாம். கூட்டாளிமார் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

"என்ர பிள்ளைக்கு ஒரு பிடி மண் போடக் கிடைக்கேல்லையே," என்று மாமி நிலத்தில் அடித்தார். அதற்குப் பிறகு அவர் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை வந்தது. கோயிலில் வைன் இல்லை. தடையால் பூசை வைனும் வருவதில்லை. ஃபாதர் இருந்ததை மருந்து ஏற்றும் சிரிஞ்சியால் அளந்து அளந்து முடித்திருந்தார்.

"அந்தப் போத்தலை எடு பிள்ளை," என்றார் மாமி. "வைன் இல்லாமல் பூசை இல்லை. அவன்ர ஆத்துமத்துக்கு."

"அது உங்களுக்கெண்டு அனுப்பினது மாமி."

"எனக்கெண்டால் நான் குடுக்கிறன்."

ஈர மணலைத் தோண்டிப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் கோயிலில் சனத்துக்கு அப்பம் மட்டும்தான். திராட்சை இரசம் குருவானவருக்கு. ஃபாதர் கண்ணை மூடிக் கிண்ணத்தைக் குடித்தார். என் நாக்கில் அப்பம் கரைந்தது. வின்சன் எங்களுக்கு அனுப்பியதை வேறொருவர் குடிக்க, எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அது பாவம் என்றால் பாவம்தான்.

பூசை முடிந்ததும் மாமி சமையலைப் பார்க்க ஓடினார். நான் பீடத்துக்குப் பின்னறைக்குப் போனேன். ஃபாதர் போத்தலைத் தக்கையால் அடைத்துக்கொண்டிருந்தார்.

"மிச்சம் இன்னும் கன பூசைக்குக் காணும் ஜெயரூபினி."

"காணாது ஃபாதர். அது ஒரு மணித்தியாலம்தான் உயிரோடை இருக்கும். அவர் சொன்னவர்."

ஃபாதர் என்னைப் பார்த்தார். ஒரு சிரிஞ்சி மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு போத்தலை என் கையில் தந்தார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வரை ஓடினேன்.

முற்றத்தில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. துணுக்காய்க் காட்டுப் பக்கத்து வேட்டை ஆளிடம் கருவாடு கொடுத்து மாமி மரை இறைச்சி வாங்கியிருந்தார். "புனிதத்தின்ர கறியோ இது? உறைப்பே இல்லையே," என்று யாரோ சொன்னது கேட்டது. சட்டியில் விரல் வைத்து நக்கினேன். உண்மைதான். ஆருக்கும் குறைக்காத மனிசி மகனுக்காகக் குறைத்திருந்தார்.

குசினிக்குள் அடுப்படியில் இருவரும் தட்டோடு இருந்தோம். தேத்தண்ணிக் கிளாசில் ஊற்றிக் கொடுத்தேன். சாராய மணமே ஆகாத மாமி, மறுக்காமல் வாங்கினார்.

"புளிக்குது."

"முழுங்காதையுங்கோ மாமி. கொஞ்ச நேரம் வாயிலை வைச்சிருங்கோ."

நானும் வைத்திருந்தேன். மாமி விழுங்கிவிட்டுக் கிளாசுக்குள் பார்த்தார்.

"மண் மணக்குது பிள்ளை. நனைஞ்ச மண்."

நான் அதை அவருக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

"ஓம் மாமி."

"அவன் கிடக்கிற மண்ணும் இப்பிடித்தான் மணக்குமோ?"

அப்போதுதான் மாமி அழத் தொடங்கினார். நானும் அழுதேன். மிச்சம் வைக்க வேண்டாம் என்று வின்சன் சொன்னபடி, மாமிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஊற்றி, அந்தப் போத்தலை முடித்துவிட்டுத்தான் இருவரும் எழும்பினோம்.