பேச்சோடவா, பேச்சில்லாமலா

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் பியூட்டி பார்லர் நடத்தியவர்கள் இல்லை. நடத்தியிருந்தால், வாய்க்கும் ஒரு அளவு உண்டு என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் சேர்த்திருப்பார்கள்.

நம் ரேடியோக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சர்டிபிகேட்டில் தூங்குகிறது. தெருவுக்கே அவள் ரேடியோக்கா. மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே இரண்டே நாற்காலி. ஜன்னலோரம் இருக்கும் முதல் நாற்காலி அவளுடையது. உள்ளே, வாஷ்பேசின் பக்கம் இருக்கும் இரண்டாவது அவள் நாத்தனாருடையது.

புருவம் திருத்துகிறவர்கள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், அதுதான் தொழில்முறை. ஆனால் பல்லில் கடித்தால் பேச முடியாதே. அதனால் ரேடியோக்கா நூலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டாள். கை பாட்டுக்குக் கை, வாய் பாட்டுக்கு வாய். நாத்தனார் பல்லில்தான் கடிப்பாள். கடிக்காவிட்டாலும் பேசமாட்டாள், அது வேறு விஷயம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் அவள் பேசினால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பதிமூன்று வருஷமாக இவள் பேச, அவள் கேட்க, வந்தவர்கள் அழகாகிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் அந்தப் பல் டாக்டர் வீட்டுக் கிளியால் வந்த வினை.

அன்று காலை முதல் நாற்காலியில் ஒரு டீச்சர். ஒரு புருவம் முடிந்தது. கதை உச்சத்தில் இருந்தது. பல் டாக்டர் வீட்டில் மாமியாரைப் பற்றி மருமகள் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த கிளி அது. ஊரிலிருந்து மாமியார் வந்து இறங்குகிறார். நேராகக் கூண்டுக்கு முன்னால் வந்து நிற்கிறார். கிளி வாயைத் திறக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. ரேடியோக்கா எடுத்தாள். யாரோ ஒரு அம்மாள், முகத்தில் பரு என்று ஆரம்பித்தாள். பருவிலிருந்து தூக்கமின்மை, தூக்கமின்மையிலிருந்து அவள் ஓரகத்தி என்று பேச்சு எங்கெங்கோ போய் இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது நாற்காலி காலி. பள்ளிக்கூட மணிக்குப் பயந்து டீச்சர் ஒரு புருவத்தோடு ஓடிவிட்டாள். வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, "மிஸ், நீங்க ஏன் ஒரு பக்கம் மட்டும் ஆச்சரியமா பாக்கறீங்க?" என்று கேட்டதாம்.

இந்தக் கேள்வி புகைப்படத்தோடு ஊர் முழுக்கச் சுற்றி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ரேடியோக்கா மகனின் போனில் வந்து விழுந்தது.

"அம்மா, போதும். போன், புக்கிங், விளம்பரம் எல்லாத்தையும் வெளியே குடுத்துடலாம்," என்றான் அவன்.

"வெளியேன்னா? தையல்காரர்கிட்டயா?"

"இதுக்குன்னே கம்பெனி இருக்கும்மா. எங்கயோ உட்கார்ந்து பாத்துப்பாங்க. நீ வேலையை மட்டும் பாரு."

கடை போன் போயிற்று. அந்த இடத்தில் ஒரு டேப்லெட் வந்து உட்கார்ந்தது. கடை எண்ணை அழைத்தால் இப்போது எங்கோ ஒரு பெண் குரல் எடுக்கும். அப்படி ஒரு இனிப்பு, அப்படி ஒரு பணிவு. ரேடியோக்கா அதற்குத் தேன்குழாய் என்று பெயர் வைத்தாள். பாராட்டி வைத்த பெயர் இல்லை.

விளம்பரமும் அவர்களே செய்தார்கள். வெள்ளைத் துண்டு, வழவழவென்று ஏழு கூழாங்கல், ஒரு பூ. கீழே, 'அமைதியின் மடியில் உங்கள் அழகு.' தையல்காரர் அதைப் படித்துவிட்டு ஊசியைத் தவறவிட்டார். புதிதாக வந்த ஒரு பெண், "அந்தக் கல்லெல்லாம் எங்கே?" என்று கேட்டாள். ரேடியோக்கா பாவம் என்ன செய்வாள், கழுவுவதற்குக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவைத்தாள்.

இதுகூடப் பரவாயில்லை. புக்கிங்கில் ஒரு கேள்வி இருந்தது. எந்த நாற்காலி வேண்டும்? பதிமூன்று வருஷமாக யாரை எங்கே உட்கார வைப்பது என்று தீர்மானித்தவள் ரேடியோக்கா. இப்போது வருகிறவர்கள் தீர்மானித்தார்கள். இரண்டாவது, இரண்டாவது, இரண்டாவது. டேப்லெட் டிங் டிங் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நாத்தனார் நிமிர நேரமில்லாமல் நூலைக் கடித்தாள். முதல் நாற்காலியில் ரேடியோக்கா தானே உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். தெருவிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்?

மூன்றாவது வாரம் மகன், அந்த புக்கிங் கம்பெனி அனுப்பிய ரிப்போர்ட்டோடு வந்தான். வரும்போதே முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு வந்தான்.

"முதல் நாற்காலியை எடுத்துட்டு, நகம் பண்ற மேசை போடலாம்னு எழுதியிருக்காங்கம்மா. அதுக்கு ஒரு பொண்ணை வெச்சுக்கலாம். நீ கொஞ்சம் ரெஸ்ட் எடேன்."

"அப்ப நான் முன்னாடி உட்கார்ந்து வர்றவங்களை கவனிச்சுக்கறேன். போனை எடுக்கறேன்."

"அதைத்தான் வெளியே குடுத்தாச்சே."

சொந்தக் கடையில் தனக்கு ஒரு வேலை மிச்சமில்லை என்று அப்போதுதான் ரேடியோக்காவுக்கு உறைத்தது. மகனுக்கும் மனசு கேட்கவில்லை.

"சரி, மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். ஒரே ஒரு ஆளாவது தானா உன் நாற்காலியைக் கேட்டு வரட்டும். நாற்காலி இருக்கட்டும்."

ஒரு ஆள்தானே. அதற்குள் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது, கூடவே சந்தேகமும் வந்துவிட்டது. இந்தத் தேன்குழாய்தான் எல்லாரையும் உள்ளே திருப்பிவிடுகிறாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். புருஷனுடைய போனை எடுத்தாள். அவருக்கு ஒரு காது மந்தம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய் கடை எண்ணை அழைத்தாள்.

"வணக்கம் மேடம். உங்க பேர்?"

"பேரெல்லாம் எதுக்கு? காலேஜ் பிரின்சிபால்னு போட்டுக்கோ."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பின்னால் ஏதோ குழந்தை ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க பிரின்சிபால் மேடம்."

"புருவம் பண்ணணும். நாப்பதாம் நம்பர் நூல்தான் போடணும், இல்லேன்னா தோல் சிவந்துடும். அந்த முதல் நாற்காலி அம்மா நல்லா செய்வாங்களாமே?"

"கைவேலை அருமை மேடம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"அப்புறம் ஏன் யாரும் அங்க உட்கார மாட்டேங்கறாங்க? இல்ல, கேள்விப்பட்டேன்."

தேன்குழாய் குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னாடி வந்து போனவங்களை எப்படி இருந்துச்சுன்னு கேட்டோம் மேடம். இருபத்தி மூணு பேர் ஒரே பதில்தான். பேச்சு அதிகம். கண்ணை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியலையாம். அவங்களுக்கு அந்தம்மா மேல கோபமில்லை. நேர்ல சொல்ல மனசு வரலை, அவ்வளவுதான்."

துண்டு கீழே விழுந்தது. இருபத்தி மூணு பேர். தலையாட்டிச் சிரித்த இருபத்தி மூணு பேர்.

மறுநாள் ரேடியோக்கா நூலைப் பல்லில் கடித்தாள். இரண்டாவது நாற்காலியில் ஆள் இருந்ததால் மருந்துக்கடைக்காரர் மனைவி அவசரத்துக்கு முதலில் உட்கார்ந்தாள். ஒரு புருவம் முடிந்தது. பேச்சில்லை. இரண்டாவதும் முடிந்தது. பேச்சில்லை. அந்த அம்மாள் வெலவெலத்துப்போய், "அக்கா, வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் போய் ரேடியோ ரிப்பேர் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் விசாரிக்க வந்துவிட்டார்கள். வீட்டிலோ அதைவிடக் கூத்து. இரவுச் சாப்பாட்டின்போது சத்தமே இல்லாததால், நல்ல காதும் போய்விட்டதாக நினைத்துப் புருஷன் காது டாக்டரின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

நான்கு நாள் இப்படி ஓடியது. வாயை மூடினாளே தவிர, உள்ளே சொற்கள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து அவளைத் தூங்கவிடவில்லை. யாரிடமாவது கொட்ட வேண்டும். மறுபடியும் மாடி, மறுபடியும் புருஷனுடைய போன், மறுபடியும் துண்டு.

"பிரின்சிபால் பேசறேன்."

"துண்டை எடுத்துட்டுப் பேசுங்கம்மா, மூச்சு முட்டும்."

ரேடியோக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முதல் நாளே தெரியும்மா. உங்க பையன் குடுத்த லிஸ்ட்ல இந்த நம்பர் இருக்கு. 'முதலாளியம்மா வீட்டுக்காரர்'னு திரையில வருது."

"தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னியா?"

"தெரிஞ்சதாலதாம்மா சொன்னேன். நீங்க காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்துக் காரணம் தெரியாம தவிக்கறதை விட, என் மேல கோபப்பட்டாலும் பரவாயில்லைன்னு தோணுச்சு."

கோபம் வர வேண்டிய இடத்தில் அழுகை வந்தது. அழுகையோடு பேச்சும் வந்தது. முக்கால் மணி நேரம் பேசினாள். தேன்குழாய் உம் கொட்டினாள். ஏழாம் வாய்ப்பாடு எட்டுக்கு ஏறியது.

"அம்மா, ஒண்ணு பண்ணலாமா?" என்றாள் கடைசியில். "எந்த நாற்காலின்னு கேக்கறதை எடுத்துடறேன். அதுக்குப் பதிலா, பேச்சோடவா பேச்சில்லாமலான்னு கேக்கறேன். பேச்சோடன்னா உங்க நாற்காலி. பேச்சு வேணும்கறவங்களும் இருப்பாங்கம்மா."

"யாரு இருக்கா?"

"தெரியலை. கேட்டாத்தானே தெரியும்."

கேட்டார்கள். பேச்சில்லாமல், பேச்சில்லாமல், பேச்சில்லாமல். டேப்லெட்டுக்கு வெட்கமே இல்லை. மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மகன் மேசை வைக்க இன்ச் டேப்போடு வந்து ஜன்னலோரத்தை அளந்துவிட்டுப் போனான். நாத்தனார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி நாள் காலை கடையைத் திறந்ததும் டிங் என்றது. ரேடியோக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். மாலை நாலரை மணி. புருவம். பேச்சோடு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'புது ஆள்.'

அன்று அவள் முதல் நாற்காலியை மூன்று முறை துடைத்தாள். புது நூற்கண்டு பிரித்தாள். யாராக இருக்கும்? தனியாக இருக்கிற பெரியம்மா யாராவதா? நாலே கால் ஆயிற்று. நாலரை ஆயிற்று. கதவுப் பக்கம் யாரும் இல்லை. நாலு நாற்பது. தையல்கடை மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று ரேடியோக்கா முடிவு கட்டினாள். நூற்கண்டை மேசையில் வைத்தாள்.

உள்ளே நாத்தனார் தன் கடைசி ஆளை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவினாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நேராக வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, முடியலையா?" என்று கேட்டாள் ரேடியோக்கா.

"நாலரைக்கு புக் பண்ணியிருந்தேன் அண்ணி. பத்து நிமிஷம் லேட்டாயிடுச்சு."

பதிமூன்று வருஷத்தில் ரேடியோக்கா இவளுக்குப் புருவம் திருத்தியதே இல்லை. கண்ணாடியைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்வாள். ஏதாவது சொல்லிவிட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்து, ரேடியோக்கா அந்த நான்கு நாள் பழக்கத்தில் நூலைப் பிரித்துப் பல்லில் கடித்தாள்.

"உன் வேலையெல்லாம் விட்டுட்டு..." என்று பல்லிடுக்கில் முனகினாள்.

"ஒரு மாசமா கடையில சத்தமே இல்ல அண்ணி. எனக்கு வேலையே ஓடலை," என்றாள் நாத்தனார். அன்றைய பத்து வார்த்தை எப்போதோ தீர்ந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "நான் பேசறதில்லையே தவிர, ஒண்ணு விடாம கேட்டுட்டுதான் இருந்தேன். அந்த மாமியார் கூண்டுக்கு முன்னால வந்து நின்னாங்க. கிளி வாயைத் திறந்துச்சு. அப்பப் போன் அடிச்சது. அன்னிலருந்து கிளி வாயைத் திறந்தபடியே நிக்குது."

கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.

"நூலைக் கழுத்துல மாட்டிக்கங்க அண்ணி."