சனிக்கிழமை அட்டைகள்

அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுக்கத்தான் சிவாஜினி ஆஸ்பத்திரியில் தந்த பிளாஸ்டிக் பையைத் திறந்தாள். கண்ணாடி வருவதற்கு முன்னால் ஆரஞ்சுத் தொப்பி வெளியே வந்து விழுந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் தவறிச் சுட்டுவிடாமல் இருக்கப் போடுகிற தொப்பி, அரை மைல் தூரத்துக்குத் தெரியும். பக்கத்துக் காரிலிருந்து யோகா அன்ரி சேலையைச் சரிபண்ணிக்கொண்டு இறங்குவதைக் கண்டதும் தொப்பியை இருக்கைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தகப்பனின் தொப்பியைக் காலால் தள்ளினோம் என்பது மண்டப வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போகவில்லை.

அப்பா சபாரத்தினம் செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் இருபத்தாறு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்றவர்கள் பஜனைக்குப் போவார்கள், அல்லது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவார்கள். இவர் லைசென்ஸ் எடுத்து வேட்டைத் துவக்கு வாங்கினார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற அவர் மனைவி தவநாயகிக்கு அது இடி.

"துவக்குக்குப் பயந்து நாடு விட்டு ஓடி வந்தனாங்கள். இந்த மனிசன் கொண்டு வந்து வீட்டுக்குள்ள பூட்டி வைச்சிருக்குது" என்று அழுதார். முயலும் மான் இறைச்சியும் கராஜுக்குள் இருந்த பழைய ஃபிரீசரைத் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. யாராவது கேட்டால், "அவர் காம்பிங் போயிட்டார்" என்று சொல்லத் தாயும் மகளும் பழகிக்கொண்டார்கள்.

போன ஞாயிறு விடியற்காலை, மலைக்கு அப்பால் ஒரு காட்டில், மரத்தில் சாய்ந்து மானுக்காகக் காத்திருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மரண அறிவித்தலில் 'இயற்கையை ரசிக்கச் சென்ற இடத்தில்' என்று சிவாஜினிதான் எழுதிக் கொடுத்தாள். அவரைத் தோளில் சுமந்து இறக்கிய வேட்டைச் சங்கத்து வெள்ளைக்காரர் இருவர், செத்தவீடு எப்போது என்று கேட்டு ஃபோன் எடுத்தபோது, குடும்பத்தோடு மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள். இப்போது மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள்.

கண்ணாடியை அப்பாவுக்குப் போட்டுவிட்டு முன்வரிசைக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் பெறாமகன், தம்பியின் மகன் லோஜன் பூணூலும் ஈர வேட்டியுமாக ஐயர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தான். அப்போதுதான் ஒருவன் பக்கவாட்டாக வந்து அவளருகே குனிந்தான். நாற்பது வயதிருக்கும். புது வெள்ளைச் சட்டையில், கடைப் பெட்டிக்குள் இருந்த மடிப்புக் கோடுகள் இன்னும் குலையவில்லை.

"அக்கா, நீங்கள் சபாரத்தினம் ஐயாவின்ர மகள்தானே? நான் சிறிதரன். கோழி பக்டரியில வேலை. ஐயாவை லைப்ரரியிலதான் பழக்கம். ரேடியோவில பேரைக் கேட்டிட்டு வந்தனான்."

லைப்ரரி என்றதும் சிவாஜினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வேலை செய்வது அந்த நூலகத்தில்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்பா அந்தத் தொப்பியோடும் சேற்றுச் சப்பாத்தோடும் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "பிள்ளை, மான் உரிக்கிறதைப் பற்றிப் புத்தகம் ஏதும் வந்ததோ?" என்று வாய் நிறையத் தமிழில் கேட்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றது யோகா அன்ரி, கோயில் செயலாளரின் மனைவி. சிவாஜினி தலையை நிமிர்த்தாமல், "சேர், புத்தகக் கற்றலொக் அந்தப் பக்கம்" என்றாள், ஆங்கிலத்தில். அப்பா தொப்பியைக் கழற்றினார். "தாங்க் யூ, மிஸ்" என்றுவிட்டுப் போனார். வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் சனிக்கிழமைகளில் மட்டும் நூலகத்துக்குப் போனார். சனிக்கிழமை அவளுக்கு லீவு.

வேட்டை, மீன்பிடி, காடு பற்றிய புத்தகத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. பிடித்த புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதி யாரும் குத்தி வைக்கலாம். திங்கட்கிழமை காலையில் அங்கே தமிழில் ஒரு அட்டை இருக்கும். 'மான் வேட்டைக்கு ஆசைப்படுகிறவர்கள் இதை முதலில் வாசியுங்கள். சுடுவது கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. அதுவரைக்கும் இருநூறு பக்கம் பொறுமையாக இருப்பது பற்றி.' இன்னொன்றில், 'படங்கள் நன்று. எழுதியவர் ஒரு முயலாவது பிடித்திருப்பாரா என்பது சந்தேகம்.' பெயர் எழுதுகிற இடம் எப்போதும் வெறுமையாக இருக்கும். ஆனால் கோயில் அறிவித்தல் பலகையில் பத்து வருடம் எழுதிய கை அது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த 'ழ'. கதவு திறப்பதற்கு முன் அவள் அட்டையைக் கழற்றிக் கழிவுக் கடதாசிப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள். அடுத்த திங்கள் இன்னொன்று இருக்கும். மூன்று வருடமாக ஒரு வாரமும் தவறவில்லை, அவரும் அவளும்.

"நான் அகதியாப் போட்டில வந்த ஆள் அக்கா. இங்கிலீசு அவ்வளவு ஓடாது. சனிக்கிழமையில வைஃபைக்குத்தான் அங்க போறனான்" என்றான் சிறிதரன். "வேட்டைப் புத்தகத்துக்குப் பக்கத்தில தமிழைக் கண்டதும் எனக்கு விளங்கேல்லை, ஆர்ரா இது எண்டு. பிறகு ஐயா குத்திறதைக் கண்டு கதைச்சு, அவர் சொன்ன புத்தகமெல்லாம் எடுத்தனான். எனக்குத் துவக்கு லைசென்ஸ் தரமாட்டாங்கள். நான் தூண்டிலும் கூடாரமும்தான்."

"ஓம்" என்றாள் சிவாஜினி.

"சண்டைக்குள்ள நாலு மாதம் காட்டுக்க ஒளிச்சிருந்தனான். காடெண்டா எனக்கு அதுதான். போன சித்திரையில முதல்முறையாச் சும்மா போய்ப் படுத்தனான் அக்கா. அதுக்கு முதல் இந்த அட்டையைப் பலகையில பாத்திட்டு ஐயாட்டைக் கேட்டன், இது உண்மையோ எண்டு. அது துலைஞ்சு போச்சு, திரும்பவும் எழுதித் தாங்கோ எண்டு நான் கேட்டு, போன சனிதான் எழுதி வைச்சவர்."

சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி அதை எடுத்துக் கொடுத்தான்.

'மூன்றாவது தட்டு, பச்சை மட்டைப் புத்தகம். ஆங்கிலம் வராவிட்டால் பரவாயில்லை, அறுபத்தோராம் பக்கத்துப் படங்கள் போதும். கூடாரத்தை மேட்டில் அடியுங்கள். நெருப்பை அணைக்க மறக்க வேண்டாம். இந்தக் காட்டில் எங்களைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். நித்திரை வரும்.'

"திங்கட்கிழமை ஆரோ எடுத்து எறியிறாங்கள். அதுதான் பூட்ட முதல் நான் கழட்டிக்கொண்டு வந்திட்டன். இது ஒண்டுதான் மிச்சம். உங்களிட்டை இருக்கட்டும்." அவன் இன்னும் கிட்டக் குனிந்தான். "மனேச்சரிட்ட முறைப்பாடு குடுப்பமெண்டு எத்தினை தரம் சொன்னனான். ஐயா விடேல்லை. 'வேண்டாம் தம்பி, அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. அட்டையைக் கிழிக்காமல் எடுத்துப்போட்டு, ஊசியைத் திரும்ப அதே இடத்தில குத்தி வைச்சிட்டுப் போகுது. எனக்கெண்டுதான் வைக்குது' எண்டார்."

சிவாஜினி அட்டையின் மேல் விளிம்பைப் பார்த்தாள். ஒரு சின்னத் துளை இருந்தது.

"நீங்கள் எங்க அக்கா வேலை?"

"கவுன்சில்ல" என்றாள். நூலகம் கவுன்சில் என்கிற நகரசபையுடையதுதான். அது பொய்யில்லை என்று அவள் தனக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஐயர் கூப்பிட்டார். அஞ்சலி உரை.

அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு கையில் தட்டச்சுச் செய்த தாள், மறு கையில் அட்டை. அட்டையை வாசிக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அம்மா முதல் வரிசையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் யோகா அன்ரி. சிவாஜினி தாளை வாசித்தாள். அப்பா இயற்கை ஆர்வலர், நீண்ட நடைப்பயிற்சியில் விருப்பமுடையவர், எந்த உயிருக்கும் தீங்கு நினையாதவர். குரல் தடுமாறவில்லை. அதுதான் கேவலமாக இருந்தது. பின்வரிசையில் சிறிதரன் ஒவ்வொரு வசனத்துக்கும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் நம்புகிறானே என்று அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது.

வாய்க்கரிசி போட எல்லோரும் எழும்பி வரிசையாக நின்றார்கள். மகள் முன்னால் போக வேண்டும் என்று யாரோ வழிவிட்டார்கள். அவள் பின்னால் நடந்து சிறிதரன் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"தம்பி, நான் அந்த லைப்ரரியிலதான் வேலை செய்யிறன்."

அவன் சிரிக்கத் தொடங்கினான்.

"ஊசியைத் திரும்பக் குத்தி வைக்கிறது நான்தான்" என்றாள். "எல்லாத்தையும் எறிஞ்சிட்டன்."

சிரிப்பு அவன் முகத்தில் சற்று நேரம் அப்படியே இருந்து, பிறகு போனது. அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். திட்டினால் நல்லதென்றே நின்றாள். அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, அவளுடைய விரல்களிலிருந்து அட்டையை மெல்ல, கிழியாமல், திரும்ப எடுத்தான். சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்தான்.

சிவாஜினி அவனுக்குப் பின்னால் நின்றாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. அவன் அரிசி போட்டுக் கும்பிட்டு விலகினான். யோகா அன்ரி அரிசித் தட்டை அவளிடம் நீட்டி, "அள்ளு பிள்ளை" என்றார்.