'மா'வில் தொடங்கும் பெண்கள்

எங்கள் தையல் தொழிற்சாலையில் பெண்களுக்கென்று விடுதி கட்டினார்கள். யாருக்குக் கட்டில் என்று தீர்மானிப்பது மேலாளர் கோ யெ லின். அவர் சனிக்கிழமைகளில் கணினி வகுப்புக்குப் போய் வந்தவர். ஆகவே யாரிடமும் எதையும் கேட்கும் அவசியம் அவருக்கு இல்லை.

எக்ஸெல் பட்டியலில் ஆணா பெண்ணா என்ற கட்டம் கிடையாது. இடத்தை அடைக்கிறதென்று அவரே அதை நீக்கியிருந்தார். ஆனால் பர்மிய வழக்கப்படி பெண்களின் பெயருக்கு முன்னால் 'மா' இருக்குமே! ஃபில்டர் போட்டு, 'மா'வில் தொடங்கும் வரிசைகளை மட்டும் காட்டச் சொன்னார். காட்டியது. அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.

அதில் மா சாண்டா இருந்தாள், நான் இருந்தேன். மாவுங் சோ, மாவுங் டுன் என்று, பெயருக்கு முன்னால் 'மாவுங்' போடும் துணி வெட்டும் பையன்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். வயதான பெண்களில் ஒருவரும் இல்லை. மரியாதைக்காக அவர்கள் பெயருக்கு முன்னால் 'டோ' போட்டுத் தொலைத்திருந்தோம்.

டோ தின் லா பதறிப் போனார். அவர் ஊர்ப்பக்கம் ஓடிய கம்பெனி பஸ் நின்றுவிட்டது. விடுதியில் இடமில்லை என்றால் வேலையும் இல்லை. மேலாளர் அறைக்கு ஓடினார்.

"ஸயா, என் பேரக் காணோமே?"

"இருக்கு அண்ட்டி. மறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். அழியல."

"அப்ப நான் மறைஞ்சிருக்கிற கட்டில்ல படுக்கணுமா? அந்த 'டோ'வ எடுத்துட்டு 'மா'ன்னு போடுங்க."

"சேச்சே! பெரியவங்கள அப்படிப் போடலாமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மீசைக்காரன பொம்பள விடுதிக்கு அனுப்புறப்ப அது எங்க போச்சு?"

"அது கம்ப்யூட்டர் சொன்னது, அண்ட்டி."

வெளியே நின்ற மாவுங் சோ சிரித்தான்.

"அண்ட்டி, எனக்கு ஜன்னலோரக் கட்டிலாம். நான் போனா மா சாண்டா செருப்பக் கழட்டுவா. நீங்களே படுத்துக்குங்க."

அன்று மாலையே அண்ட்டி பாயும் கொசுவலையுமாக வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். விடுதிக் காப்பாளர் தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தார்.

"மாவுங் சோ?"

"இருக்கேன்."

காப்பாளர் நிமிர்ந்தார். கன்னத்தில் தனகாச் சாந்து பூசி, கொண்டை போட்ட மாவுங் சோவைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். தாளில் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. டிக் போட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வெட்டும் பிரிவு வாசலில் ஒரே கூட்டம். எல்லாம் 'டோ'க்கள்.

"மாவுங் டுன், தம்பி, மீன் வறுவல் எடுத்துக்கப்பா. உன் கட்டில் எந்தப் பக்கம்?"