சத்தமாகச் சொல்லிக்கொள்பவள்

…அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை, மூன்றே கட்டம்தான், இவளை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது, 'பிறர் பேசி முடிப்பதற்குள் குறுக்கிடுவாரா' என்கிறது ஒன்பதாவது கேள்வி, குறுக்கிடுவாளாவா, நான் வாயைத் திறப்பதற்குள் பதிலே வந்துவிடும்… ஆனால் 'அடிக்கடி' என்று டிக் போட்டு, இந்தக் காகிதம் இவள் முதலாளி கையில் கிடைத்து, வேலைக்கே லாயக்கில்லை என்று ஆகிவிட்டால்? இவள் பன்னிரண்டு வருஷமாக என் மருமகள், வேலை லிஃப்ட் மெக்கானிக், இந்தக் கேள்வித்தாளைக் கூட வசிப்பவர் யாராவது நிரப்பவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் புருஷனை விட்டுவிட்டு என்னை இழுத்து வந்திருக்கிறாள். பக்கத்தில்தானே இருந்தாள், எங்கே போனாள், அதோ, காத்திருப்பு அறையின் மூலையில் ஆடுகிற நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணியை முடுக்குகிறாள், கைப்பையை மறந்தாலும் மறப்பாள், திருப்புளியை மறக்கமாட்டாள். "ஏண்டி, அது ஆஸ்பத்திரி நாற்காலி." "யாரையாவது தள்ளிவிட்டுடும் அத்தை. நீங்க உள்ளத உள்ளபடி எழுதுங்க, எனக்கு நல்ல பேர் வாங்கித் தரேன்னு கெளம்பிடாதீங்க." "உனக்கு நல்ல பேர் வாங்கித் தரணும்னு எனக்கென்னடி தலையெழுத்து?" எதிரே இருந்தவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

ஏடிஎச்டி, கவனக் கோளாறு என்று போன தடவை டாக்டரம்மா சொன்ன பேர், "கவனம் இல்லாம இல்லம்மா, அதுக்குப் போடற கடிவாளம்தான் கைக்கு அடங்கறதில்ல. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல, சின்ன வயசிலேர்ந்தே இருக்கறது." பின்னே பள்ளிக்கூடத்தில் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று நான் கேட்டேன், "பெஞ்சு மேல ஏறிக் குதிச்சிருந்தா கண்ணுல பட்டிருக்கும். இவங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு சத்தமில்லாம உக்காந்திருந்தாங்க, யாரு கேப்பா?" முப்பத்தெட்டு வயது வரைக்கும் தன்னை மக்கு என்றே நினைத்திருந்தாளாம், மக்கா, இவளா, கதவில் காதை வைத்து மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்பவளா, ஒரு சிக்கலைப் பிடித்தால் ஐந்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதையே அவிழ்ப்பவளா… பால் பொங்கி வழிவது மட்டும் அந்தக் காதில் விழாது, அது வேறு விஷயம்.

போன மாதம் நடந்ததுதான் எங்களை இங்கே கொண்டுவந்தது. லிஃப்டில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போடவேண்டும், சாவி தன் பாக்கெட்டில், வேறு யாரும் கரண்ட் கொடுத்துவிட முடியாது, அந்தப் பூட்டைப் போட இவள் ஒருநாளும் மறந்ததில்லை, அன்றைக்கு எடுக்க மறந்துவிட்டாள். வேலையை முடித்து, கையெழுத்து வாங்கி, ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டாள், பதினோரு மாடிக் கட்டடம், மத்தியானம் முழுக்க எல்லோரும் படி ஏறினார்கள், ஒரு பெரியவர் நாலாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். முதலாளியின் கடிதம் வந்தது, இது இரண்டாவது எச்சரிக்கை, இன்னொரு தடவை நடந்தால் உதிரிபாக ஸ்டோரில் உட்காரவேண்டியதுதான், "அங்க உக்கார வெச்சா ஒரே வாரத்துல செத்துடுவேன் அத்தை" என்றாள், சொல்லிவிட்டு அழவில்லை, தானே டாக்டரைத் தேடிப் பிடித்தாள்.

"முதலாளிகிட்ட மறைச்சிடலாமாடி?" என்கிறேன் மெதுவாக. நாற்காலியை நிமிர்த்தி அதன்மேலேயே உட்கார்ந்து பார்க்கிறாள். "எதுக்கு? நானே சொல்லப்போறேன். வேலை முடிஞ்சதும் ஒரு ஆள் போன்ல கேக்கட்டும், பூட்ட எடுத்தியான்னு. அது போதும் எனக்கு." இந்தத் துணிச்சல் எனக்கு எந்த வயதில் இருந்தது… சரி, ஒன்பது, அடிக்கடி. பத்து, அடிக்கடி.

ஆனால் பூட்டு ஏன் மறந்தது? எங்கள் கட்டடத்து லிஃப்டை இவள் பழுது பார்த்தபோது மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேனே, "பூட்டு போட்டாச்சு. சாவி பாக்கெட்ல. கரண்ட் இருக்கா? இல்ல. திரும்பப் பாரு. இல்ல." யாரோடு பேசுகிறாய் என்றால், "என் மேஸ்திரியோட. நான்தான் மேஸ்திரி. மெதுவா சொன்னா எனக்கே நான் அடங்கமாட்டேன் அத்தை, அதான் சத்தமா." அப்படி ஒரு வழியை யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்து வைத்திருந்தவள்… "அன்னைக்கும் சொல்லிக்கிட்டேதானே செஞ்ச?" "சொன்னேன், மனசுக்குள்ள." "ஏன் மனசுக்குள்ள?" "நீங்கதானே அத்தை, வாயை மூடிக்கிட்டு வேலை செய், பாக்கறவங்க பைத்தியம்னு நெனப்பாங்கன்னீங்க. முயற்சி பண்ணிப் பாத்தேன்." குத்திக்காட்டவில்லை, மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னாள், தண்ணீர் குடிக்க எழுந்துபோனாள். சொன்னேனா? சொன்னேன், எதிர்வீட்டுக்காரி சிரித்தாள் என்று, என் மானம் போகிறது என்று… இத்தனை வருஷத்தில் இவள் எதையெல்லாம் மறந்தாள் என்று என்னால் தேதியோடு சொல்ல முடியும், நினைவு வைத்துக்கொள்ள என்ன பாடுபடுகிறாள் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா?

நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிடுகிறாள், இவளும் திரும்பி வந்துவிட்டாள். "முடிச்சாச்சா அத்தை?" "இரு, ஒண்ணு பாக்கி." கடைசிக் கேள்வி, 'வீட்டில் இவருக்குத் துணையாக இருப்பவர் யார், எந்த வகையில்?' இதற்குத்தான் காலையிலிருந்து பதில் தயார், அடுப்பை அணைப்பவள் நான், வண்டிச் சாவியைத் தேடித் தருபவள் நான், வாயை மூடச் சொன்னவளும் நான்… 'நான்' என்று முதலில் எழுதியும் விட்டேன், 'எந்த வகையில்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு காலியாகக் கிடக்கிறது, என் மருமகள் வாசலில் நின்று எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.