முதல் பிடிக் கதிர்

அரை டம்ளர் காப்பி, அதுவும் சூடில்லாமல்... கூடப் பிறந்த அக்காள் இத்தனை வருஷம் கழித்து வாசற்படி மிதித்ததற்குச் சாவித்திரி காட்டிய மரியாதை அவ்வளவுதானா என்று அகிலாண்டம் பொருமிக்கொண்டே வந்தாள். தில்லைவிளாகத்தில் தங்கை வீட்டை விட்டுக் கிளம்பிய படகு அலையாத்திக் காட்டைத் தாண்டி உப்பங்கழிக்குள் இறங்கியிருந்தது, கரை எங்கோ பச்சைக் கோடாகப் போய், சுற்றிலும் ஏரி மாதிரி தண்ணீர் பரந்து கிடந்தது, அழகுதான், யார் இல்லை என்றது, வயிறு எரிகிறவளுக்கு அழகு எதற்கு? தங்கையைச் சொல்லி என்ன, இதோ எதிரே குடைக்கு அடியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே சாமிதுரை, தாலி கட்டிய நாள் முதலாய் மகாமகத்துக்குக் கூட அழைத்துப் போகாத மனுஷர், அவருக்கு இந்தத் தை மாசத்தில், கதிர் தலைசாய்ந்து நிற்கிற நேரத்தில், ஊர் சுற்றும் ஆசை எங்கிருந்து வந்தது? “உன் தங்கச்சியப் பாத்து எவ்ளோ நாளாச்சு, தோப்புத்துறையிலேர்ந்து உங்கண்ணன் ஆள் மேல ஆள் விடறாரு, படகுலயே போவோம், நாலு ஊரு பாத்த மாதிரியும் இருக்கும்” என்றார். கேட்டபோது குளிர்ந்துதான் போயிற்று, பொய் சொல்வானேன்... முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் சிங்கப்பூர்ச் சேலை ஒன்றைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார், ஜாம்புவானோடை தர்காவில் சர்க்கரை வாங்கி அவரே கையில் வைத்தார், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் ராசிக்காரி நான், எனக்கு இத்தனை உபசாரமா என்று அப்போதே ஒரு நெருடல், ஆனாலும் சேலையின் ஊதா நிறம் கண்ணை மறைத்தது.

அறுப்பு இருக்கட்டும், அறுப்பு எங்கே போகிறது, நான் இல்லாமல் அந்த வயலில் அரிவாள் இறங்கியதுண்டா? மாமியார் காலத்திலிருந்து வழக்கம் அதுதான், பண்ணையாள் பக்கிரியின் பெண்டாட்டி பூவம்மாள் முதல் பிடிக் கதிரை அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள், அகிலாண்டம் விளக்கேற்றி முறத்தில் அதை வாங்கி நிலைப்படியில் கட்டி, அவள் மடியில் வெற்றிலையும் மஞ்சளும் வைப்பாள், அதற்குப் பிறகுதான் மற்ற பண்ணையாட்கள் வயலில் இறங்குவார்கள். சாமி கும்பிடாமல் சோறு தின்றாலும் தின்பார்கள், இது தப்பாது. போன வருஷமும் அப்படித்தான் நடந்தது, கூலியைக் கூட்டக் கேட்டுச் சேரியில் செங்கொடி ஏறிய பிறகும் நடந்தது. கொடி அவர்கள் தெருவில், கதிர் என் வாசலில், இரண்டுக்கும் என்ன சண்டை? கிளம்புகிற அன்று காலையில்கூடப் பூவம்மாள் வந்து கொல்லைப்புறம் நின்றாளே, “எப்பம்மா அறுப்பு? கூத்தாநல்லூர்ல மவ மாசமாயிருக்கா, தெருவோட நாங்க எல்லாரும் ஒரு எட்டுப் போய் வளையல் போட்டுட்டு வந்துடலாமான்னு...” என்று இழுத்தாள். அவர் பின்னாலேயே நின்றார். “நீயே சொல்லிடு அகிலாண்டம், உன் வாயால சொன்னாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை” என்றார். அகிலாண்டமும் பெருமையாகத்தான் சொன்னாள்: “நான் வந்துதாண்டி அறுப்பு, கவலப்படாமப் போயிட்டு வா.” “நீங்க சொன்னா சரிம்மா” என்று பூவம்மாள் இடுப்பிலிருந்த கதிர் அரிவாளை எடுத்து மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகிவிட்டுப் போனாள், ஊரிலிருந்து வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று.

எதிரே ஒரு படகு வந்தது. மீன் படகு என்று நினைத்தாள், மீன் படகில் இத்தனை ஆட்களா? நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், மடியில் சாக்குச் சுருட்டல்கள், ஒரு சுருட்டலிலிருந்து அரிவாள் மூக்கு வளைந்து எட்டிப் பார்த்தது. படகோட்டி நெய்னா முகம்மது கழியை ஊன்றி வழிவிட்டார். முன்னால் இருந்த மேஸ்திரி எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான், “கும்பிடறேன் ஐயா, பொழுதோட கோரையாத்துக்குள்ள போயிடுவோம், விடியக்காலைல உங்க வயல்ல எறங்கிடலாம்” என்றான். சாமிதுரை குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். வெய்யில் அந்தப் பக்கம் இல்லை. அந்தப் படகு கடந்து போனது, அதன் அலை வந்து இந்தப் படகை ஆட்டியது, அகிலாண்டத்துக்கு உள்ளே எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது... சேலை, சர்க்கரை, படகு, உன் வாயால சொல்லு... அடப்பாவி மனுஷா!

“யாருங்க அவங்க?” என்றாள், தெரிந்தேதான் கேட்டாள்.

“வெளியூர் ஆளுங்க. பஸ்ஸுல கொண்டாந்தா கொடிக்காரனுங்க மன்னார்குடியிலயே மறிச்சிருப்பானுங்க.”

“நான் பூவம்மாளுக்குச் சொல்லியிருக்கேன்.”

“சொன்னது நல்லதாப் போச்சு. அதனாலதான் சேரி காலியா இருக்கு” என்று அவர் குடையை நிமிர்த்தினார், இனி மறைக்க ஒன்றுமில்லை என்பது போல. “சட்டம் அவங்க பக்கம், மந்திரிங்க அவங்க பக்கம், மேடையில பேசறவனெல்லாம் அவங்க பக்கம். பயிரு ஒண்ணுதான் என் பக்கம், அதையும் வுட்டுட்டு நிக்கச் சொல்றியா?”

“வருஷம் பூரா நாத்து நட்டுக் களையெடுத்தவ பூவம்மா. அறுப்புக் கூலிதான் அவளுக்கு வருஷத்துச் சோறு. அவ வயித்துல அடிக்கறதுக்கு என் வாயா கெடச்சுது உங்களுக்கு?” அவள் குரல் தண்ணீரில் எங்கோ போய் மோதித் திரும்பியது. “பாய், படகைத் திருப்புங்க!”

நெய்னா முகம்மது அவளையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. “ஐயா சொல்லணும்மா...” என்றார், தண்ணீரைப் பார்த்து. படகு தோப்புத்துறைப் பக்கமே போனது. படகோட்டி மீதும் கோபம் வந்தது, அவர் என்ன செய்வார், வாடகைக்கு வந்தவர்... அண்ணன் மீது வந்தது, ஆள் மேல் ஆள் விட்டாரா, அவருக்கும் தெரிந்திருக்குமா? சாவித்திரிக்கும் தெரிந்துதான் முகம் கொடுக்காமல் அரை டம்ளரோடு நிறுத்தினாளா? இல்லை, அவள் எப்போதுமே கஞ்சம்தான்.

“முதல் பிடியை யாரு வாங்குவா?” என்று கேட்டாள். சாமிதுரை அதை விட மாட்டார் என்று தெரியும், நெல்லை விடுவாரே தவிர முறையை விட மாட்டார். “அம்சம் வாங்கிக்குவா” என்றார். நாத்தனார் அம்சம், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்தின நாளே வந்து இறங்கியவள், கொத்துச்சாவியைக் கொடுத்தபோது குத்துவிளக்கு எங்கே இருக்கு அண்ணி என்று கேட்டாளே, எதற்குக் கேட்கிறாள் என்று தோன்றவே இல்லையே... வெள்ளிக்கிழமைக்கு ஏற்ற என்று நினைத்து, திரிகூடத் திரித்து வைத்துவிட்டு வந்தாள்.

தோப்புத்துறையில் இறங்கியதும் பஸ் பிடித்துவிட வேண்டும், அண்ணன் வீட்டில் கை நனைக்கக் கூடாது, இந்த ஊதாச் சேலையைப் படகிலேயே போட்டுவிட வேண்டும். விடிவதற்குள் போய்ச் சேர முடியுமா? போனாலும் அத்தனை அரிவாள்களுக்கு முன்னால் ஒரு பொம்பளை நின்று என்ன ஆகும்? நின்றுதான் பார்ப்போமே, அதிலாவது பூவம்மாள்... இல்லை, பூவம்மாள் அதைப் பார்க்க அங்கே இருக்க மாட்டாள். மகளுக்கு வளையல் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வருவாள், கொட்டகைக் கூரையிலிருந்து அரிவாளை எடுப்பாள், எடுத்துக்கொண்டு வயல் பக்கம் திரும்புவாள். அவரை அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், அவர் அப்படித்தான் என்று அவளுக்கு எப்போதோ தெரியும். அவர் பேச்சை அவள் நம்பிப் போகவில்லையே, அவள் நம்பியது யார் பேச்சை... அகிலாண்டம் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.